காப்பரிசிக்குப் போனவள்

செல்லாச்சி கொல்லையில் உட்கார்ந்து சுளகில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சி வந்தாள். கையிலிருந்த ஓலைப்பெட்டியை அவள் காலடியில் வைத்தாள். வைத்த கையோடு கும்பிட்டாள்.

“என்னட்டி, காலங்காத்தால கும்பிடெல்லாம் பலமா இருக்கு?”

“இந்தப் பெட்டி இனிமே எனக்கு வேண்டாம் அத்தை. நீங்க கொடுத்தது, நீங்களே வச்சுக்கிடுங்க.”

ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் செல்லாச்சி பிள்ளைப்பேறு பார்க்காத தெரு கிடையாது. அவள் பின்னாலேயே நடந்து தொழில் படித்தவள் பேச்சி. இனி இவள் தனியாகப் போவாள் என்று தெரிந்த அன்றைக்குச் செல்லாச்சி தன் கையால் முடைந்து கொடுத்த பெட்டி அது. உள்ளே துவைத்து மடித்த பழந்துணி, நூல்கண்டு, கத்தி, விளக்கெண்ணெய்க் குப்பி. வேறொன்றும் இல்லை.

செல்லாச்சி பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைக்காயைப் பார்த்தாள்.

“சரி, அந்தச் செவத்தோரமா வை. வந்தது வந்துட்டே, இதுல பாதியை ஆயி.”

பேச்சிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அத்தை திட்டுவாள், அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்து வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்தவள் அவள்.

“ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“நீ சொல்லாமலா போகப்போறே?”

பேச்சி உட்கார்ந்தாள். நாலு காய் ஆய்ந்தாள். ஐந்தாவது காயை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“ஒண்ணுமே தோண மாட்டேங்குது அத்தை. முன்னெல்லாம் பிள்ளை அழுதா எனக்கும் கண்ணு நிறைஞ்சுபோகும். இப்போ, அப்பாடா முடிஞ்சுதுன்னு இருக்கு. கதவைத் தட்டுற சத்தம் கேட்டா போர்வையை இழுத்து மூடிக்கிடுதேன். யாரோ எங்கேயோ வலியில கத்துற மாதிரி காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு. சோறு திங்கும்போதுகூட.”

“ம்.”

“உங்களுக்குச் சலிக்கவே இல்லையா?”

செல்லாச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். அங்கே பல் பதிந்த தடம் கறுத்துப்போய்க் கிடந்தது.

“இது யாரு?”

“எங்க ஊர்ல ஒரு கல்யாண வீடு. அதுக்கு வந்தவ. இன்னும் மாசம் கிடக்குன்னு தைரியமா வந்திருக்கா, பந்தி நடக்கும்போதே வலி எடுத்துருச்சு. நெல்லு போட்டு வைக்கிற அறையில வச்சுத்தான் பார்த்தேன். வெளிய மேளம், உள்ள இவ. கடைசி நேரத்துல பிடிச்சுக் கடிச்சுட்டா.”

“கடிக்கத்தான் செய்வா. என்னையும் கடிச்சிருக்காளுக.”

“நான் கையை ஓங்கிட்டேன் அத்தை.”

செல்லாச்சியின் விரல் காயில் நின்றது.

“அடிச்சியா?”

“அடிக்கலை. ஓங்கினேன். வலியில கிடக்கிற பிள்ளையை அடிக்க ஓங்கினேன்.” பேச்சியின் குரல் இறங்கிப்போனது. “அதுக்கப்புறம் ரெண்டு வீட்டுக்குப் போனேன். ரெண்டு இடத்துலயும் வந்த பிள்ளையைப் பார்க்கலை, என் கையையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அடுத்த வீட்டுல இந்தக் கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியலை. அதான் வேண்டாம்.”

கோழி ஒன்று வந்து அவரைக்காய் நாரைக் கொத்தியது. செல்லாச்சி அதை விரட்டவில்லை.

“அந்தப் பிள்ளை பேரு என்ன?”

“எந்தப் பிள்ளை?”

“கடிச்சவ.”

“கேக்கலை. விடிஞ்சதும் வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கும் வேற வீடு வந்திருச்சு.”

“சரி” என்று செல்லாச்சி எழுந்தாள். எழும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். “ஏட்டி, தொழில் வேண்டாம்னு வந்தவகிட்ட தொழில் சொல்ல மாட்டேன். ஒரு சின்ன வேலை சொல்லலாம்லா? ஆத்துக்கு அக்கரையில தோப்பூர்ல இன்னைக்குத் தொட்டில் போடுதாங்க. வாறேன்னு சொல்லிட்டேன். கால் இப்படிக் குத்துது. எனக்குப் பதிலா நீ போயி காப்பரிசி தின்னுட்டு, எனக்கும் முந்தியில முடிஞ்சுட்டு வா.”

பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. அத்தைக்குக் காப்பரிசிப் பைத்தியம் என்று ஊருக்கே தெரியும். பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் தொட்டில் போடுவார்கள். அரிசியை ஊறவைத்து, வெல்லப்பாகு ஊற்றி, பொரிகடலையும் எள்ளும் தேங்காய்ச் சில்லும் போட்டுக் கிளறி ஊருக்கெல்லாம் கொடுப்பார்கள். பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியவள் எவளோ அவள்தான் அன்றைக்குத் தொட்டிலில் இட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். செல்லாச்சி ஒரு தொட்டிலுக்கும் போகாமல் இருந்ததில்லை. போனால் லேசில் எழுந்திருக்கவும் மாட்டாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அரிசியை மென்றுகொண்டு, பொழுது சாய்கிறவரை வம்பு பேசிக்கொண்டிருப்பாள். தொழில் படிக்கிற காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சிக்கு இருப்புக்கொள்ளாது. நமக்கென்று ஒரு பெட்டி வந்தால் இப்படிப் பொழுதைத் தொலைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அப்படியே நடந்தும் காட்டினாள். தொட்டிலுக்குக் கூப்பிட்டால், ‘வேற வீட்டுல வலி எடுத்திருக்கு, நீங்களே போட்டுக்கிடுங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வந்தால் வேலை, முடிந்தால் நடை என்று ஊரும் அவளை மெச்சியது.

இன்றைக்குச் சொல்ல அந்தச் சாக்கும் இல்லை. பெட்டியைத்தான் வைத்துவிட்டாளே.

தோப்பூரில் பந்தல் போட்ட வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. செல்லாச்சிக்குப் பதிலாக வந்திருக்கிறேன் என்று வாசலில் நின்ற சிறுவனிடம் சொல்லிவிட்டு பேச்சி ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நடுவீட்டில் உத்தரத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. வெறும் தொட்டில். அதைச் சுற்றி நாலைந்து பெண்கள் நேரமாச்சு, நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டே நின்றார்கள். ஆனால் ஒருத்தியும் பிள்ளையை எடுத்து வரவில்லை.

ஒரு பெண் தட்டும் கையுமாக வந்தாள். வட்ட முகம், தலை நிறையப் பூ, சிரித்தால் கன்னம் இரண்டும் மேலே ஏறிக் கண்ணை மறைத்தது.

“கையை நீட்டுங்க. ஒரு கையில வாங்கினா எப்படி? ரெண்டு கையையும் சேர்த்து நீட்டுங்க.”

பேச்சி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அந்தப் பெண் காப்பரிசியை அள்ளினாள். அள்ளிய கை பாதியில் நின்றுவிட்டது.

“எக்கா.”

“என்ன தாயி?”

“இது என் பல்லு.”

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குப் பார்த்த முகம் வேறு. உதடு வெடித்து, மயிர் நெற்றியில் ஒட்டி, கண் செருகிக் கிடந்த முகம் அது. இப்படிக் கன்னம் வைத்துச் சிரிக்கிற பிள்ளையா அது?

“நீயா?”

“நான்தான். முப்பிடாதி. உங்களைத் தேடி எங்க வீட்டுக்காரரு உங்க ஊருக்கு ரெண்டு நடை வந்தாரு. நீங்க யாரு வீட்டுத் தொட்டிலுக்கும் வர மாட்டீங்கன்னு சொல்லிட்டாங்களாம். செல்லாச்சி அத்தைதான், நீங்க தொட்டிலைக் கட்டுங்க, ஆளை நான் அனுப்புதேன்னாங்க.” தலையைத் திருப்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “அத்தை, பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க. நான் கடிச்ச அக்கா வந்துட்டாங்க.”

வீடே அவளைத் திரும்பிப் பார்த்தது.

“எங்க, கடியைக் காட்டுங்க” என்று ஒருத்தி வந்தாள். “அடியே, நாயிகூட இப்படிக் கடிக்காதுடி” என்றாள் இன்னொருத்தி. முப்பிடாதியின் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “இவ கல்யாணமாகி வந்ததுலேருந்து கரும்பைக்கூட நறுக்கித்தான் தின்பா. இந்தப் பல்லை எங்க ஒளிச்சு வச்சிருந்தாளோ” என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பேச்சியின் மடியில் போட்டாள்.

கனமாக இருந்தான். அன்றைக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது உரித்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தவன். இப்போது தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. கழுத்து மடிப்பில் ஒரு துளி பால் காய்ந்திருந்தது. பேச்சி அதை விரலால் துடைத்தாள். அவன் கொட்டாவி விட்டான். அவ்வளவு சின்ன வாய்க்கு அவ்வளவு பெரிய கொட்டாவி.

பேச்சி குனிந்துகொண்டே, முப்பிடாதிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“உன்னை அடிக்கக் கையை ஓங்கினேன் தாயி. தெரியுமா?”

“எப்போ?”

“நீ கடிச்சப்போ.”

முப்பிடாதி யோசித்துப் பார்த்தாள். “எனக்கு ஞாபகம் இல்லையே எக்கா. கண்ணுதான் இருட்டிக்கிட்டு வந்துச்சே. ஒரு கை என் தலையைத் தடவிக்கிட்டே இருந்துச்சு, அது தெரியும். இன்னும் ஒரே ஒரு தரம் தாயி, இன்னும் ஒரே ஒரு தரம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் கிடந்தேன்.”

“நானா சொன்னேன்?”

“வேற யாரு? அந்த அறையில நீங்க, நான், நெல்லு மூட்டை. மூட்டையா பேசும்?”

தலையைத் தடவியது பேச்சிக்கு ஞாபகம் இல்லை. ஓங்கிய கைதான் ஞாபகம் இருந்தது. அந்தக் கை எங்கே போய் இறங்கியது என்று அவள் இத்தனை நாளும் நினைத்தே பார்க்கவில்லை.

“போடுங்கம்மா தொட்டில்ல, பொழுது போகுது” என்றாள் மாமியார்.

பேச்சி பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். தொட்டில் பக்கத்தில் போய்க் குனிந்த நேரத்தில் மடமடவென்று அவன் அவள் சேலையை நனைத்துவிட்டான். இடுப்பிலிருந்து கால்வரைக்கும் சூடாக வழிந்தது.

“அம்மா கடிச்சா, மகன் நனைச்சுட்டான்” என்று யாரோ சொன்னார்கள்.

முதலில் சிரித்தது பேச்சிதான். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் நிற்கவில்லை. முப்பிடாதி மாற்றுச் சேலை எடுக்க உள்ளே ஓடினாள்.

பேச்சி அக்கரையிலிருந்து திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

செல்லாச்சி அதே கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். “கொண்டு வந்தியா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

பேச்சி முந்தியை அவிழ்த்தாள். செல்லாச்சி ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மென்றாள். “வெல்லம் ஒரு பங்கு கூட. பரவாயில்லை. போனது ஒரு சேலை, வந்தது ஒரு சேலையா இருக்கே?”

“பய நனைச்சுட்டான்.”

“நல்ல பய.”

சுவரோரம் ஓலைப்பெட்டியின் மேல் கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. பேச்சி போய் அதை விரட்டினாள். மூடியைத் தட்டினாள். திறந்து பார்த்து, துணியை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தாள்.

“கோழியை ஏன் விரட்டுதே? வேண்டாம்னு வச்ச பெட்டிதானே.”

“பிள்ளைகளுக்கு வச்சிருக்கிற துணி அத்தை. எச்சம் பட்டா?”

செல்லாச்சி இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள்.

பேச்சி பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். போகவும் இல்லை, இறக்கி வைக்கவும் இல்லை.

“அதை இங்கேயே வச்சுட்டுப் போ” என்றாள் செல்லாச்சி. “நாலு நாளு வீட்டுல கிடந்து உறங்கு. வெள்ளிக்கிழமை வடக்குத் தெருவுல தொட்டில். அதுவும் நீ வாங்கின பிள்ளைதான். போயிட்டு வந்து பெட்டியை எடுத்துக்கோ.”

“அதுக்குள்ள யாராவது கதவைத் தட்டினா?”

“நான் போறேன்.”

“உங்களுக்குத்தான் கால் குத்துதே.”

“எந்தக் கால்?”

பேச்சி அவளையே பார்த்தாள். செல்லாச்சி இரண்டு காலையும் சப்பணம் போட்டு மடக்கிச் சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

“தொட்டிலுக்குப் போகணும்னு நீங்க அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அத்தை?”

“வீட்டுக்கு வீடு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். நீ, கிழவி தீனிக்கு அலையுதான்னு நினைச்சே.”

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியை மெல்ல இறக்கி, இந்த முறை கோழி ஏற முடியாத உயரத்தில் மாடத்தில் வைத்தாள். வந்து செல்லாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலையில கேட்டேன், பதில் சொல்லலை. உங்களுக்குச் சலிக்கவே இல்லையா?”

செல்லாச்சி அவள் முந்தியில் மிச்சம் கிடந்ததில் ஒரு தேங்காய்ச் சில்லைத் தேடி எடுத்தாள்.

“பாதிப் பந்தியில எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டு, பசிக்குது பசிக்குதுன்னு என்கிட்ட வந்து நின்னா நான் என்னட்டி செய்ய? இந்தா, வாயைத் திற.”