ஒரே வீட்டுக்கு இரண்டு கதவெண்

ஏகாம்பரம் மகன் கன்னியப்பன் ஆகிய நான், எழுபத்து மூன்று அகவை நிறைந்தவன். நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் அளவுச் சங்கிலி பிடித்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மீதித் தமிழைத் தானே கற்றவன். வாசகர்களே, இப்புதிரை உங்கள் முன் வைக்கிறேன். விடைப் பகுதிக்கு அவசரப்பட்டுத் தாவ வேண்டாம்.

திண்டிவனத்தில் எங்கள் வீடு இரண்டு தெருக்களுக்கு நடுவே நிற்கிறது. வடக்கு வாசல் பொன்னி நகரில் திறக்கும். தெற்கு வாசல் காலனித் தெருவில் திறக்கும். அது தலித் மக்களாகிய எங்கள் குடியிருப்பு. கதவெண் தகடு அடிக்க இரு தெருவுக்கும் தனித்தனி ஆட்கள் வந்தார்கள். ஒரே வீடென்று அறியாமல், வடக்கே 14 என்றும் தெற்கே 27 என்றும் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் சிரித்தோமே தவிர, எதையும் கழற்றவில்லை. காலனியின் மற்ற நாற்பத்தொரு வீடுகளுக்கும் ஒரே வாசல், ஒரே எண்.

என் மகள் பொற்கொடி பிசியோதெரபி படித்தவள். பேருந்து நிலையம் அருகே சிகிச்சை நிலையம் வைக்க ஒரு கடையைப் பேசி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் தராவிட்டால் கடை வேறொருவருக்குப் போய்விடும். எனவே வீட்டின்பேரில் கடன் கேட்டோம். கடன் நிறுவனமோ, வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதில்லை. முகவரி, பரப்பளவு, புகைப்படம் ஆகியவற்றை இணையத்தில் ஏற்றினால் கணினியே மதிப்புச் சொல்லிவிடும்.

பொற்கொடி 27 என்று பதிந்தாள். முப்பத்தொரு லட்சம் என்றது. கடனுக்கு அது போதவில்லை. ஏதோ தோன்றி, அதே பரப்பளவு, அதே புகைப்படங்களோடு 14 என்று பதிந்தாள். ஐம்பத்திரண்டு லட்சம் என்றது.

இரண்டு தாள்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு நான் மேலாளர் குணசீலனிடம் போனேன். தெற்குத் தாளை மட்டும் முதலில் நீட்டினேன்.

“இந்த மதிப்புல சாதி இருக்குது சார்.”

“ஐயா, கம்ப்யூட்டருக்கு ஏதுங்க சாதி? நாங்க ஃபாரத்துல சாதியே கேக்கறதில்ல. அந்தத் தெருவுல இதுக்கு முன்ன வித்த விலையைத்தான் அது பாக்குது.”

“அந்தத் தெருவுல வாங்க வந்தவன் எல்லாம், ‘இது யாரு தெரு’ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போனவன் சார். அப்படிப் போனவங்களால இறங்கின விலையைத்தான் உங்க கம்ப்யூட்டர் பாடம் படிச்சிருக்குது.”

பிறகு வடக்குத் தாளையும் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே குடுத்திருக்கலாமே! வடக்கு வாசலையே போட்டுடுங்க. அந்தத் தெற்குத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. நாளைக்கே கையெழுத்து.”

நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பிறந்த தெருவை மறைத்து வாங்கும் மதிப்பு எனக்கு எதற்கு?

பொற்கொடிக்குக் கோபம் பொங்கியது. “கடை போயிடும்பா! உங்க வீம்புக்கு அந்தக் கம்ப்யூட்டர் விலை போட்டா கோடியைத் தாண்டும்.”

“தெற்கு வாசல்ல இருந்துதான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனேன்.”

“தூக்கிட்டுப் போனது படிச்சுத் தொழில் பண்ணத்தானே? இல்ல, வாசல்லயே நின்னு சண்டை போடவா?”

வெள்ளிக்கிழமை காலை அவள் என் சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டாள்.

வாசகர்களே, வடக்குத் தாளை வைத்தால் கடை கிடைக்கும்; நாற்பத்தொரு வீடுகளும் முன்பு கிடந்த விலையிலேயே கிடக்கும். தெற்குத் தாளை வைத்தால் அந்தக் குறைந்த விலையை நாமே ஒப்புக்கொண்டதாகும். அவள் எந்தத் தாளை மேலாளரின் மேசைமேல் வைத்திருக்க வேண்டும்?

விடை: இரண்டையும், பக்கத்தில் பக்கத்தில். அளவுச் சங்கிலியை ஒரு முனையில் மட்டும் பிடித்தால் அளவு கிடைக்காது. அத்தனை ஆண்டு சங்கிலி பிடித்த எனக்கு அது தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. தனித்தனியே பார்த்தால் அவை இரண்டு விலைகள். சேர்த்துப் பார்த்தால் சாட்சியம். “ஒரே சுவரு, ஒரே கூரை சார். இருபத்தொரு லட்சம் எந்தச் செங்கல்ல இருக்குது? எழுதிக் குடுங்க” என்று கேட்டிருக்கிறாள். அவரால் எழுத முடியவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் புகார் போனது. அன்று மாலையே கடை கைமாறியது. அவள் அழவில்லை, வேறு கடை தேடினாள். பின்னர் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வந்தார். அவருடைய அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். கதவெண் 27 என்றே எழுதி ஐம்பத்தொரு லட்சம் என்று கையொப்பமிட்டார். காலனியின் எந்த வீட்டுக்கும் இனி நேரில் பார்க்காமல் மதிப்புச் சொல்வதில்லை என்று நிறுவனம் எழுத்தில் தந்தது. அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்த நாள், 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை.