தானாக வந்த பழம்

பந்தியில் திருமேனிக்கு அடுத்த இலை அன்றைக்கும் காலி. மூன்று வருஷமாக இதே கூத்துதான். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார்.

கையைக் கழுவிக்கொண்டு நேராக மரகதம்மாவிடம் போனார். மலையடிவாரத்து அந்த மடத்துக்கு அவள்தான் குரு. அவரைவிடப் பத்து வயது இளையவள்.

"அம்மா, எனக்கு என்ன ஒட்டுவாரொட்டியா? ஏன் ஒருத்தரும் என் பக்கத்தில உட்கார மாட்டேங்கறாங்க?"

"உங்க பலாத்தோப்பு எப்படி இருக்கு?"

"அமோகமாக் காய்ச்சிருக்கு."

மடத்து நிலத்தில் மண்வெட்டி பிடிப்பவர்கள் விளைச்சலில் நாலில் ஒரு பங்கைப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுக்க வேண்டும். திருமேனி மண்வெட்டி பிடித்தவரல்ல. தோப்புக்குப் பணம் போட்டவர். அதனால் பத்தில் ஒன்று கொடுத்தால் போதும். அப்படி வாதாடி வாங்கியதும் அவரேதான். அதே வாதத்தை இப்போதும் எடுத்தார்.

"முன்னே சம்பாதிச்சதுல பங்கு கொடுத்து மிஞ்சின பணத்தைத்தானே அம்மா போட்டேன்? நஷ்டம் வந்தா என் தலையில. அதிகமாக் கேட்டா பணம் போடறவங்க வேற மலை மடத்துக்குப் போயிடுவாங்க. பழம் தானா வருது, இதுல மத்தவங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?"

மரகதம்மா சுடலியைக் கூப்பிட்டாள். தகர டப்பாவும் கவணுமாக மடத்து நிலம் முழுக்கக் காவல் காப்பவள் சுடலி. களஞ்சியத்து நெல்தான் அவள் கூலி.

"சுடலி, இனிமே அய்யா தோப்புப் பக்கம் போகாதே."

"கொரங்கு வருமே தாயி!"

"தானா வர்ற பழத்துக்குக் காவல் எதுக்கு?"

மறுநாள் விடிந்ததும் திருமேனி கம்பும் கையுமாகத் தோப்பில் நின்றார். இந்த மரத்தில் விரட்டினால் அந்த மரத்தில் தொப்பென்று ஒரு பழம் விழுந்தது. மத்தியானம் பந்தி மணி அடித்தது. தூரத்தில் யாரோ சிரித்தார்கள். கூப்பிட்டால் வர ஒரு ஆள் இல்லை. ஓய்ந்துபோய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழட்டுக் குரங்கு வந்து, சுளையைத் தின்றபடி அருகில் அமர்ந்தது. மூன்று வருஷத்தில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

நாலாம் நாள், மிஞ்சிய பழத்தை மரகதம்மா முன்னால் வைத்தார்.

"கை வீங்கிப் போச்சு, தொண்டை கட்டிப் போச்சு. இது தானா வந்ததில்லை அம்மா. என் உழைப்பு!"

"அப்படியா? அப்ப நாலில் ஒண்ணு வெட்டி வைங்க."

கத்தியை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் தகர டப்பாவோடு சுடலி.

"இதுக்கு முந்தி மூணு வருஷமாப் பழுத்தது யார் உழைப்புன்னு அவகிட்டக் கேளுங்க அய்யா. கேட்டுட்டுப் பந்திக்கு வாங்க."