ஏழாவது வீடியோ

கோயம்புத்தூரில் கோகிலவாணி என்பவர் ஒரு மீடியா சர்வர் மென்பொருளைப் பராமரித்து வந்தார். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் நாற்பத்திரண்டு பள்ளிகளுக்குச் சைகைமொழிப் பாடங்கள் அதன் வழியாகத்தான் போயின. பிள்ளைகள் பதில் சொல்லி அனுப்பும் வீடியோக்களும் அதில்தான் இருந்தன.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் மருதாசலம். குருவைவிடப் பதினான்கு வயது மூத்தவர்.

ஒரு நாள் காலை, நாகர்கோவிலிலிருந்து ஜெனிட்டா என்ற முன்பின் அறியாத பெண் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார். ‘சோதனை சர்வரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தார்.

ஓட்டினார்கள். சர்வர் அப்படியே நின்றுபோனது.

தன் தலைப்பு அறுபது எழுத்து என்று அந்த வீடியோ சொல்லியிருந்தது. வந்ததோ நாலாயிரம். அறுபதுக்கு ஒதுக்கிய நினைவகத்தில் சர்வர் அத்தனையையும் கொட்ட, மிஞ்சியது பக்கத்தில் இருந்ததை அழித்துவிட்டது. கெட்ட எண்ணம் உள்ளவர் அந்த இடத்தில் தன் கட்டளைகளை வைத்திருந்தால், பிள்ளைகளின் வீடியோக்கள் எல்லாம் அவர் கைக்குப் போயிருக்கும்.

தலைப்பைப் படிக்கும் அந்தப் பகுதியை எழுதியவர் மருதாசலம்.

“பொய் சொன்னது அந்த வீடியோதானுங்க” என்றார்.

“ஆமாங்கண்ணா. நாம அளந்து பார்த்தோமா?”

மருதாசலம் பிள்ளைகளின் வீடியோ ஒன்றைத் திறந்தார். பொள்ளாச்சிச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றிக் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிவரை பார்த்தார்.

பிறகு வேலையில் இறங்கினார். தலைப்புக்கு ஒதுக்கிய இடத்துக்கு மேல் எது வந்தாலும் சர்வர் ஏற்காதபடி திருத்தினார். மாலைக்குள் திருத்தம் எல்லாப் பள்ளிகளுக்கும் போனது. நடந்ததை மறைக்காமல் கடிதமும் எழுதச் சொன்னார் கோகிலவாணி. எழுதினார்.

‘நீங்களே சொன்னதற்கு நன்றி’ என்று ஒரு தலைமையாசிரியை பதில் போட்டிருந்தார்.

“நன்றி அந்தம்மாவுக்கில்லீங்க போகணும்?” என்றார் மருதாசலம். ஜெனிட்டாவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார்.

மறுநாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘மகிழ்ச்சி. இன்னும் ஏழு வீடியோ அனுப்பியிருக்கிறேன்.’

ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். ஆறு வீடியோக்களைச் சர்வர் ஏற்க மறுத்தது. ஏழாவதில் நின்றுபோனது.

மருதாசலம் நாற்காலியில் சாய்ந்தார்.

“இவ்வளவு செஞ்ச பிறகும் அந்தம்மா நம்மளை நம்பலீங்களே.”

கோகிலவாணி ஏழாவது வீடியோவை ஆராயத் தொடங்கியிருந்தார்.

“நாற்பத்திரண்டு பள்ளிக்கூடம் நம்மளை நம்புதுங்கண்ணா. நம்பாம பார்க்கறதுக்கும் ஒருத்தர் கிடைச்சாங்களே.”