நான்கு கட்டத்திலும் உட்கார்ந்த சிறுத்தை

ஒரு காட்டில், குழந்தைகளே, சுவர் போல நிமிர்ந்த ஒரு வெள்ளைப் பாறை இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அதில் சிறுத்தையின் கதையைப் படமாக வரைவார்கள். அதைப் பார்த்துப் பழகிய பிறகுதான் குட்டிகள் தாயை விட்டுத் தனியாக மேயப் போகும்.

வரைவது எப்போதும் முயல்தான். கையில் ஒரு கரித்துண்டு, பாறையில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் வெறும் புல். இரண்டாவதில் புல்லுக்கு மேலே படிந்த இரண்டு காதுகள். மூன்றாவதில் கட்டம் கொள்ளாத இரண்டு கண்கள். நான்காவதில் ஒரே ஒரு நீண்ட கோடு. அதுதான் பாய்ச்சல்.

அந்த வருடம் முயல் கண்களை வழக்கத்தைவிடப் பெரிதாக வரைந்தாள். அவளுடைய ஒரே குட்டி பொட்டுவும் மேயப் போகிற வருடம் அது.

மரத்திலிருந்த குரங்கு சிரித்தது. "முயலக்கா, இது என்ன ஆந்தையா? சிறுத்தைக்கு எங்கே இத்தனை பெரிய கண்?"

"ஒரு புள்ளிகூடக் காணோமே!" என்றது மான். "நீ சிறுத்தையைப் பார்த்திருக்கிறாயா இல்லையா?"

"பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டே பார்த்தேன். புள்ளியை எண்ண நேரமில்லை."

"நான் வரைகிறேன் பாருங்கள். மயிரிழை பிசகாது!" என்று குரங்கு தாவிப் போயிற்று.

அது உயரமான கிளையில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு சிறுத்தையை அழைத்தது. "சிறுத்தையாரே! எங்கள் குட்டிகள் உங்களை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். பாறைக்கு முன்னால் கொஞ்சம் உட்காருவீர்களா?"

சிறுத்தை சற்று யோசித்தது. "பேஷாகத் தெரிந்துகொள்ளட்டும். நான் என்ன செய்ய வேண்டும்?"

"அசையாமல் இருந்தால் போதும்."

சிறுத்தை முன்னங்கால்களை மடித்து, கண்களைப் பாதி மூடி, சாதுவாக அமர்ந்தது. காலை வெயிலில் அதன் நிழல் பாறையில் விழுந்தது. முயலின் படத்துக்குப் பக்கத்தில் குரங்கு ஒரு கொடியில் தொங்கியபடி நிழலின் ஓரத்தைக் கரியால் இழுத்தது. பிறகு உள்ளே ஒவ்வொரு புள்ளியையும், ஒவ்வொரு மீசை மயிரையும் பார்த்துப் பார்த்துத் தீட்டியது. நான்கு கட்டத்துக்கும் அதே நிழல்தான்.

சிறுத்தை போன பிறகு எல்லோரும் கூடினார்கள்.

"அடேயப்பா! உயிரோடு இருக்கிறதே!" என்றது மான்.

"நான்கு கட்டத்திலும் உட்கார்ந்தே இருக்கிறதே" என்றாள் முயல் மெதுவாக.

"அசைந்தால் நிழலும் அசையுமே! பிறகு எப்படி அப்படியே வரைவதாம்?" என்றது குரங்கு.

"இவளுக்கு வயிற்றெரிச்சல்" என்றது மான். முயலின் படத்தை ஈர இலையால் துடைத்துவிட்டார்கள்.

வயிற்றெரிச்சல்தானோ? முயலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் தன் புதரோரக் கல்லில் பழைய நான்கு கட்டங்களையும் பொட்டுவுக்காக வரைந்தாள்.

"அம்மா, இதற்குக் காலே இல்லையே!" என்று பொட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"கால் தெரியாது கண்ணு. புல்லுக்குள் இருக்கும். நீ கண்ணைப் பார்."

குட்டிகள் மேயப் போகும் நாள் வந்தது. தாய்மார் கூடப் போகக் கூடாது என்பது வழக்கம். முயல் போனாள். ஒரு முட்புதரின் பின்னால் மூச்சை அடக்கிப் படுத்துக்கொண்டாள்.

புல்வெளியின் நடுவில் சிறுத்தை இருந்தது. முன்னங்கால்களை மடித்து, கண்களைப் பாதி மூடி, படத்தில் இருந்தது போலவே.

"ஹையா! பாறையில் இருக்கிற அதே மாமா!" என்று மான்குட்டி துள்ளியது. "இவர் உட்கார்ந்தே இருப்பார். நான்கு கட்டமும் பார்த்தேனே!"

"ஆமாம் கண்ணுகளா" என்றது சிறுத்தை. "எனக்கு உட்காருவது மட்டும்தான் தெரியும். கிட்ட வந்து புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்."

குட்டிகள் நெருங்கின. எல்லோருக்கும் முன்னால் பொட்டு.

முயல் அலறப் பார்த்தாள். ஆனால் கத்தினால் குட்டிகள் திரும்பித் தன்னைப் பார்க்கும். அந்த ஒரு நொடி சிறுத்தைக்குப் போதும். கத்தாவிட்டாலோ? பொட்டு இன்னும் ஓர் எட்டு வைத்தான். அவள் பற்கள் கிட்டித்துப் போயின.

பாய்வதற்கு முன் சிறுத்தை குறி பார்க்க வேண்டுமே! அதன் காதுகள் படிந்தன. கண்கள் திறந்தன. முகத்தில் வேறெதுவும் இல்லாதது போல அவ்வளவு பெரிதாகத் திறந்தன.

பொட்டு நின்றான்.

"அம்மாவின் மூன்றாவது கட்டம்!" என்று வீறிட்டான். "அடுத்தது கோடு! ஓடுங்கள்!"

குட்டிகள் சிதறி ஓடின. நீண்ட கோடு ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு வெறும் புல்லில் வந்து விழுந்தது. மான்குட்டியின் தொடையில் மட்டும் ஒரு நகம் பட்டது.

அன்று மாலை எல்லோரும் பாறையடியில் நின்றார்கள். "ஒரு புள்ளிகூடத் தப்பில்லையே..." என்று குரங்கு முனகியது. மான் ஈர இலையை வாயில் கவ்வி, அந்த அழகான சிறுத்தைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தது. பிறகு முயலின் பக்கம் திரும்பியது.

"அக்கா, அந்தக் கண்ணை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே வரை."

நீதி: உருவத்தை அப்படியே எடுத்துவிடுவதால் உண்மை வந்துவிடாது, காட்ட வேண்டியதைக் காட்டுவதே நல்ல சித்திரம்.