ராஜா சமாதியும் வாசப்படிக் கல்லும்

ஒரு தீவுல ஒரு ஊரு. சுவீடன்ங்கிற தேசத்துல, குளிர்ல கடலே உறைஞ்சு போற இடம். மொத்தமே பதினோரு வீடு. ம் சொல்லு.

"ம்."

பக்கத்துத் தீவுல ஒரு பழைய கல்லறை இருந்துது. அதைப் பார்க்கப் படகு படகா ஆள் போகும். இங்க ஒரு ஈ காக்கா வராது. ஊர்த்தலைவர் ஆல்கோட்டுக்கு வயிறு எரிஞ்சுது. "நம்ம ஊர்லயும் பழசு ஏதாவது வேணும்"னாரு. பழசு என்ன, கடையிலயா விக்குது?

அப்போ அவர் கண்ணு ஹுல்டாக் கிழவி தோட்டத்து மேல விழுந்துது. கிழவிக்கு யாரும் இல்ல. அந்தத் தோட்டத்து உருளைக்கிழங்குதான் பனி கொட்டுற ஆறு மாசத்துக்கும் சாப்பாடு. மூலையில ஒரு கல் குவியல். டொக் டொக் டொக்! பலகை அடிச்சாரு: 'ராஜா சமாதி. இருபதடிக்குள்ள தோண்டக் கூடாது.'

"ஐயா, அது என் வீட்டுக்காரர் மண்ணுலேர்ந்து பொறுக்கிப் போட்ட கல்லு!"

"உனக்கென்ன தெரியும் சரித்திரம்?"னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய், வாசப்படிக் கல்லுல பூட்ஸைச் சரக் சரக்னு தேய்ச்சுட்டு, காபி குடிச்சாரு.

அப்புறம் கிழங்கு போட்டு வைக்கிற குழி. டொக் டொக் டொக்! 'ராணி குளிச்ச குளம்.'

"ராணி உள்ள உக்காந்தா முட்டி இடிக்குமே!"

சரக் சரக், காபி.

அப்புறம் ஆடு கட்டுற கல்லு. டொக் டொக் டொக்! 'வீரன் நடுகல்.' தோட்டம் மொத்தமும் போச்சு. ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது, பலகைக்கு அடியிலயே புழுக்கை போட்டுது.

"ஆடு பாவமா, அத்தே?"

"ஆடு ஜோரா இருந்துது. கிழவிதான் பாவம்."

அப்புறம் ஆல்கோட்டே நகரத்துலேர்ந்து ஒரு ஆராய்ச்சிக்கார அம்மாவை வரவழைச்சாரு, பெருமையா. அந்தம்மா குழிக்குள்ள பார்த்தா, முளைவிட்ட கிழங்கு. நடுகல்லைப் பார்த்தா, கயிறு தேய்ச்ச தடம். ராஜா சமாதியில ஒரு கல்லைத் தூக்கினா, துருப்பிடிச்ச பொடி டப்பா.

"ராஜா மூக்குப்பொடி போடுவாரோ?"ன்னு கேட்டாங்க.

ஆல்கோட் முகம் பீட்ரூட் மாதிரி ஆச்சு. "வெயிலா இருக்கு, வாங்கம்மா, வீட்ல காபி குடிக்கலாம்."

அந்தம்மா வாசல்ல நின்னு பூட்ஸைத் தேய்ச்சாங்க. சரக் சரக்... நின்னுட்டாங்க. சேறு உதிர்ந்த இடத்துல பாம்பு மாதிரி சுருண்டு சுருண்டு எழுத்து! "ஐயோ, ஆயிரம் வருஷக் கல்லு! இதையா மிதிச்சுக்கிட்டு இருந்தீங்க? இனிமே இதுல யாரும் காலே வைக்கக் கூடாது!"

அப்போ பின்னாலேர்ந்து ஹுல்டாக் கிழவி, "பலகை வேணுமாம்மா? என்கிட்ட மூணு இருக்கு"ன்னா.

டொக் டொக் டொக்!

அன்னையிலேர்ந்து ஆல்கோட் ஜன்னல் வழியாத்தான் வீட்டுக்குள்ள போறாரு. தொப்! இப்போ படகு படகா ஆள் வருது. கல்லைப் பார்க்கவா? ஜன்னல்ல தொங்குற ரெண்டு காலைப் பார்க்க. கிழவி கிழங்கு அவிச்சு விக்கிறா.

"ம்..."

கிழங்கும் வெந்தாச்சு, கதையும் வெந்தாச்சு. கண்ணை மூடு.