பீர்முகம்மது சொல்லுகிற வரைக்கும்

ஊத்தாங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லை மீற மாட்டார்கள். அதனாலேயே அவர்களிடம் எதையும் சொல்ல அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பயம்.

அந்த ஊர் இசக்கியப்பனிடம் ஒரு பழைய கார் இருந்தது. நல்ல கார்தான், நேராகப் போகும். ஸ்டீயரிங் மட்டும் ஆட்டுக்கல்லாய் இறுகிக் கிடந்தது. தை மாதம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனவன், பெண் வீட்டுத் தெருவுக்குள் திருப்ப முடியாமல் நேரே போய், ரோடு முடிகிற இடத்தில் கடலைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சேர்ந்தான். அந்தச் சம்பந்தம் அதோடு போச்சு.

இப்போது சித்திரையில் கீழப்பாறை உலகம்மாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பயலுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவள், இல்லாவிட்டால் காலம் முழுக்கத் தனிக்கட்டை என்று அம்மாவிடம் சொல்லி அழுதேவிட்டான். பெண்ணின் அப்பாவோ கறாரான மனுஷன். "மாப்பிள்ளை சொந்தக் கார்ல வாராருன்னு தெரு பூரா சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால வண்டி வாசல்ல நிக்கணும். இல்லன்னா வேற எடம் பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலையில் இசக்கியப்பன் மெக்கானிக் பீர்முகம்மதுக்குப் போன் போட்டான். அவர் வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"பவர் ஸ்டீயரிங் எண்ணெய் பழசாயிருக்கும்டே. வீட்டுலேயே மாத்திரலாம். முன்சக்கரம் ரெண்டையும் ஜாக்கி வச்சுத் தூக்கு. தொட்டியில இருக்க பழசை உறிஞ்சி எடு, புதுசை ஊத்து. பெறவு ஸ்டீயரிங்கை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பு. உள்ள இருக்க காத்து குமிழி குமிழியா வெளிய வந்துரும். ஆனா ஒண்ணு, நான் சொல்லுத வரைக்கும் என்ஜினைப் போட்டிராத!"

அதோடு அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

துணைக்குத் தாய்மாமன் பலவேசமும், அக்கா புருஷன் கோமதிநாயகமும் வந்தார்கள். கோமதிநாயகம் பெண் பார்க்கப் போகிற வெள்ளைச் சட்டையைக் காலையிலேயே மாட்டிக்கொண்டு நின்றார்.

"உறிஞ்சணும்னா நான் இருக்கேன்" என்றார் மாமா. பப்பாளித் தண்டு ஒன்றை ஒடித்து வந்து தொட்டிக்குள் விட்டு ஒரே இழுப்பு. கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. அப்படியே நின்றார்.

"துப்புங்க மாமா" என்றான் இசக்கியப்பன்.

கோமதிநாயகம் தடுத்தார். "பொறுடே. உறிஞ்சி எடுன்னுதான சொன்னாரு? துப்பச் சொன்னாரா?"

"சொல்லலியே அத்தான்."

"அப்ப அவரு பாட்டுக்கு வச்சிருக்கட்டும்."

மாமாவும் அது நியாயம்தான் என்று தலையை ஆட்டினார். கண் பிதுங்கியது, மூக்கு விடைத்தது. கடைசியில் வந்தது ஒரு தும்மல். பழைய எண்ணெய் அத்தனையும் கோமதிநாயகத்தின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

"எண்ணெய் ரொம்பக் கறுத்துத்தான் போயிருக்கு" என்றார் கோமதிநாயகம், சட்டையைக் குனிந்து பார்த்து.

மிச்சத்தையும் இப்படியே எடுத்து முடித்து, புதுசை ஊற்றினார்கள். இசக்கியப்பன் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டான். அடேயப்பா! ஒரே விரலில் அந்தக் கோடிக்குப் போனது, மறுவிரலில் இந்தக் கோடிக்கு வந்தது. "உலகம்மா!" என்று வாய்விட்டே கத்திவிட்டான்.

புது எண்ணெய் ஊற்றினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் கிளம்பலாமா? வைத்தார்கள். ஆனால் சக்கரம் அந்தரத்தில் அல்லவா நிற்கிறது, பழத்தில் படவில்லை. செங்கல்லை அடுக்கி, அதன் மேல் பழத்தை வைத்து, சக்கரத்தைத் தொடுகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஜாக்கியை இறக்கினால் ஜாக்கி மட்டும் இறங்கியது, கார் செங்கல் மேல் உட்கார்ந்துகொண்டது. செங்கல்லை உருவி எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

இசக்கியப்பன் சாவியைத் திருகப் போனான். மாமா பாய்ந்து கையைப் பிடித்தார்.

"ஏல! பீர்முகம்மது சொல்லிட்டானா?"

"இன்னும் சொல்லல மாமா."

"அப்ப எப்படிப் போடுவ?"

போன் போட்டுப் பார்த்தார்கள். அணைந்தே கிடந்தது. வேறு வழியில்லை, தள்ளிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை உள்ளே உட்கார, மாமாவும் அத்தானும் தள்ள, கார் ஊரைத் தாண்டியது. முதல் திருப்பம் வந்தது. ஸ்டீயரிங் அசையவே இல்லை. பழைய ஆட்டுக்கல்லேதான்.

இசக்கியப்பனுக்கு அழுகை முட்டியது. மாமா ரோட்டோரத்தில் குந்தி வெகுநேரம் யோசித்தார்.

"வீட்டுல ஆகாயத்துல திரும்புச்சுல்லா?"

"திரும்புச்சு."

"இப்ப தரையில திரும்பல. அப்ப கோளாறு எதுல?"

"தரையில!" என்றார் கோமதிநாயகம். "கார் நல்லாத்தான்டே இருக்கு. ரோடுதான் சரியில்ல."

வழி பிறந்துவிட்டது. திருப்பம் வரும்போதெல்லாம் ஜாக்கி வைத்துத் தூக்குவது, ஆகாயத்திலேயே திருப்புவது, இறக்குவது, தள்ளுவது. கீழப்பாறை ரோட்டில் திருப்பத்துக்கா பஞ்சம்? மாமாவுக்கு இடுப்பு கழன்றது, அத்தானுக்குச் செருப்பு அறுந்தது. உலகம்மாள் வீட்டு வாசலில் கடைசித் திருப்பத்துக்குக் காரைத் தூக்கி நிறுத்தியபோது ராகுகாலம் பிறக்க நாலே நிமிஷம்தான் பாக்கி.

அப்போது பார்த்து பீர்முகம்மதிடமிருந்து போன் வந்தது.

"என்னடே, திருப்பியாச்சா? இப்ப என்ஜினைப் போடு. போட்டுட்டு முன்ன மாதிரியே ரெண்டு கோடிக்கும் திருப்பிக்கிட்டே இரு. நான் வந்து பாக்குத வரைக்கும் நிறுத்தாத!"

இசக்கியப்பன் என்ஜினைப் போட்டுத் திருப்ப ஆரம்பித்தான். பெண்ணின் அப்பா வந்து "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார். "பீர்முகம்மது வரட்டும்" என்றான். பெண்ணின் அம்மா வந்து கூப்பிட்டாள். அதே பதில். நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பயலுக்கு வேர்த்து ஊற்றியது, ஆனாலும் கை நிற்கவில்லை.

கடைசியில் உலகம்மாளே காபி டம்ளரோடு கார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலையிலேர்ந்தா திருப்புதீங்க?"

"ஆமா."

"கை வலிக்காதா? தள்ளி உக்காருங்க. நீங்க காபி குடிக்கதுக்குள்ள நான் திருப்புதேன்" என்று ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கியப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்தில் கிடைக்கும் என்று பெண்ணின் அப்பா ராகுகாலம் பிறக்குமுன்னே அங்கேயே தட்டை மாற்றினார்.

வைகாசியில் கல்யாணம். பந்தலைக் காருக்கு மேலேயே போட்டார்கள். தாலி கட்டுகிற நேரம் மட்டும் ஸ்டீயரிங்கை மாமா வாங்கிக்கொண்டார். பெண் வீட்டுச் சீராகக் கேன் கேனாகப் பெட்ரோல் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டு, காருக்குள்ளேயே சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தினார்கள்.

பீர்முகம்மது ஆவணியில்தான் வந்தார். பானெட்டைத் திறந்து, எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு குமிழிகூட இல்ல. அருமையா அடங்கிட்டு" என்றார். பிறகு விரலை வெளிச்சத்தில் காட்டி உதட்டைப் பிதுக்கினார். "ஆனா எண்ணெய் பழசாயிட்டேடே. மாத்தணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பலவேசம் மாமா பப்பாளித் தண்டு ஒடிக்கக் கிளம்பிவிட்டார். கோமதிநாயகம் உள்ளே போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.