தேதி இல்லாத துண்டு

குருன்னா தாடி இருக்கணும், சிஷ்யன்னா மீசை முளைக்காதவனா இருக்கணும்னு நெனச்சீங்கன்னா, சாத்தூர் பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைப் பக்கம் வந்து பாருங்க. குரு ஜெசிந்தாவுக்கு வயசு இருபத்தேழு, படிச்ச பார்மசிஸ்ட். சிஷ்யர் சங்கிலிமுத்துக்கு அம்பத்திரெண்டு. கண்டக்டரா இருந்து, முட்டி தேஞ்சு, கடைக்கு வந்து மூணு மாசம்.

டிக்கெட் கிழிச்ச கை. மாத்திரை அட்டையைக் கண்டா சும்மா இருக்குமா?

அன்னைக்கு மத்தியானம் ஜெசிந்தா ஒரு டப்பாவைத் தொறந்துச்சு. நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை. உள்ள ரெண்டு அரைகுறை அட்டை.

"அண்ணே, தேதி போட்ட முனை ரெண்டுலயும் காணோமே?"

"அது மொதல்ல வாங்குனவங்களோட போயிருச்சு தாயி. டிக்கெட்டை மேலருந்துதான கிழிக்கணும்?"

"மறுமுனையில வெட்டுங்க, தேதி கடைசி வரைக்கும் நம்மகிட்ட இருக்கட்டும்னு எத்தனை தடவை சொன்னேன்? ரெண்டுல ஒரு அட்டைக்குப் போன மாசத்தோட தேதி முடிஞ்சிருச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. அது எதுண்ணே?"

சங்கிலிமுத்து ரெண்டையும் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. வெள்ளித்தாளு பல்லை இளிச்சுது. அப்பத்தான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு. காலையில ஒரு பொம்பளைக்கு நாலு மாத்திரை இந்த டப்பாவுலருந்துதான் வெட்டிக் குடுத்திருந்தாரு.

"எந்த அட்டையில?"

"கைக்கு வந்ததுல."

"யாருக்காம்?"

"வீட்டுக்காரருக்குன்னுச்சு. ஏழாயிரம்பண்ணை பஸ்ஸு கெளம்பிருச்சுன்னு ஓடுச்சு."

அதுக்கப்புறம் சங்கிலிமுத்துக்கு வாய் கொழறுச்சு. பஸ்ஸுல எம்பது பேரை ஒரே மூச்சுல வஞ்ச வாய் அது. வேர்வை காது வழியா எறங்குது. இருமல் மருந்து கேட்டு வந்தவர்கிட்ட, "எங்க எறங்கணும்?"னு கேட்டுட்டாரு. அந்த ஆளு பயந்து அடுத்த கடைக்குப் போயிட்டாரு.

"தாயி... நல்ல அட்டையாக்கூட இருக்கலாம்ல?"

ஜெசிந்தா ரெண்டு அட்டையையும் டப்பாவோட தனியா ஒதுக்கி வச்சுச்சு.

"அப்படியே பழசா இருந்தாலும், ஒரு மாசம் முன்னப்பின்ன ஆனா என்ன கெட்டுப்போகுது?"

"மூஞ்சி ஏண்ணே இப்படிக் கெடக்கு?"

"தலை வெடிக்குது தாயி."

ஜெசிந்தா டிராயருக்குள்ள கையை விட்டுச்சு. துண்டு அட்டை ஒண்ணை எடுத்து, தண்ணி பாட்டிலோட நீட்டுச்சு.

"தலைவலி மாத்திரை. போடுங்க."

வாங்குனாரு. திருப்பிப் பாத்தாரு. மறுக்காவும் திருப்புனாரு.

"இதுல தேதி இல்லையே?"

"நல்லதாக்கூட இருக்கலாம்ல."

"எதுலருந்து வெட்டுனது?"

"கைக்கு வந்ததுலருந்து."

சங்கிலிமுத்து பாட்டில் மூடியைத் தொறந்தாரு. மூடுனாரு. துண்டை மேசையில வச்சாரு. நெஞ்சுவலி மாத்திரையில புது டப்பாவுலருந்து முழு அட்டை ஒண்ணை உருவி, தேதியை ரெண்டு தரம் படிச்சு, சட்டைப்பையில போட்டுக்கிட்டு எறங்குனாரு. ரோட்டுக்குப் போனவரு அங்கயே நின்னுட்டாரு.

"பேரு தெரியாது. எந்த ஊருல எறங்குச்சுன்னும் தெரியாது. அந்த ரூட்டுல இருபது ஸ்டாப்பு இருக்கு தாயி. யாருன்னு போய்க் கேப்பேன்?"

"அந்தம்மாவும் உங்க பேரைக் கேக்கலண்ணே"ன்னுச்சு ஜெசிந்தா. "கைய நீட்டுச்சு. திருப்பிப் பாக்காம வாங்கிட்டுப் போயிருச்சு."